ஸ்டார்ட் ஆகி ஓடிவிட்டு நின்றுபோகும் பழைய டீசல் இன்ஜின்: நிற்கும் விதத்தை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

ஸ்டார்ட்டே ஆகாத இன்ஜினைக்கூட ஒரு வழி பண்ணிவிடலாம். ஸ்டார்ட் ஆகி, நன்றாகத்தான் ஓடுகிறது என்று நாம் முதுகைத் திருப்புவதற்குள் நின்றுபோகிற இன்ஜின் இருக்கிறதே, அதுதான் ஆளை அலைக்கழிக்கும். ஃபில்டரை மாற்றுவோம், ஓடும், சரியாகிவிட்டது என்று ஸ்பேனரை எல்லாம் எடுத்து வைப்போம், மறுநாள் அதே மாதிரி நிற்கும். இந்த அலைச்சல் தாங்காமல் பலரும் கடைசியில், டீசலை உயர் அழுத்தத்தில் சிலிண்டருக்கு அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றி வேலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பெரிய செலவு. பம்பு திரும்பி வந்து மாட்டிய பிறகும் இன்ஜின் நிற்கும், ஏனென்றால் கோளாறு பம்பில் இல்லவே இல்லை, டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ ஒரு வாஷரில் இருந்தது. பம்பின் மேல் கை வைப்பதை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் இந்தப் பதிவு முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

நான் பேசுவது கம்ப்யூட்டர் இல்லாத, மெக்கானிக்கல் பம்பு வைத்த இன்ஜின்களைப் பற்றி. டிராக்டர், ஜெனரேட்டர், தண்ணீர் இறைக்கும் இன்ஜின், பழைய ஜீப், படகு எதுவாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்துகிற அழுத்தலில் அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது, டீசல் சுமார் 210 டிகிரியிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும், எனவே தெளித்த உடனே எரிகிறது. உங்கள் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது என்றால் அந்தச் சூடு வருகிறது, கம்ப்ரஷன், அதாவது அந்த அழுத்தல், ஓரளவு இருக்கிறது என்று அர்த்தம். மிச்சம் மூன்றே கேள்விதான். டீசல் தொடர்ந்து வருகிறதா, காற்று உள்ளே போய் புகை வெளியே வருகிறதா, யாராவது "நில்" என்று சொல்கிறார்களா. யாராவது என்றால் ஸ்டாப் கேபிளோ, கரண்டில் வேலை செய்து டீசலை நிறுத்தும் சோலினாய்டோ.

முதலில் அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள்

எதையும் கழற்ற வேண்டாம். ஒருமுறை ஸ்டார்ட் செய்து, ஒருவர் சைலன்சர் வாயைப் பார்க்க, நீங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நில்லுங்கள்.

சத்தம் தளர்ந்து, ஏறி இறங்கி, மூச்சு வாங்குகிற மாதிரி இழுத்து இழுத்து நிற்கிறது, நிற்கும்போது புகை இல்லை அல்லது கொஞ்சம் வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் போதவில்லை, அல்லது டீசலோடு காற்று கலந்து வருகிறது. பத்தில் ஏழெட்டு இந்த வகைதான் என்பது என் அனுபவம். கரும்புகை தள்ளிக்கொண்டே திணறி நிற்கிறது என்றால் டீசல் நன்றாகவே வருகிறது, காற்றுதான் போதவில்லை. ஒரு தளர்ச்சியும் இல்லாமல், நீங்களே ஸ்டாப் நாபை இழுத்த மாதிரி சட்டென்று நிற்கிறது என்றால் மின்சாரப் பக்கம் போங்கள். கடைசியாக ஒன்று இருக்கிறது, இதை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. இறுகிக்கொண்டே போய் நின்று, நின்ற பிறகு கையால் சுற்றினால் கனமாக இருக்கிறதா? உடனே விட்டுவிடுங்கள், செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். அது பிஸ்டனோ பேரிங்கோ பிடிக்கிற அறிகுறி. ஆயில் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, வாட்டர் பம்பு சுற்றுகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

டிப் ஸ்டிக்கை எப்படியும் இழுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருப்பது மட்டும் ஆபத்து இல்லை, கூடியிருப்பதும் ஆபத்துதான். ஆயில் மட்டம் ஏறியிருக்கிறது, விரலில் தேய்த்தால் நீர்த்துப்போய் டீசல் வாடை அடிக்கிறது என்றால் டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்து டீசல் சம்ப்புக்குள், அதாவது அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்குள், இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். இன்ஜின் பட்டினி கிடந்து நிற்பதற்கும் அதுவே காரணமாக இருக்கும். இந்த நிலையில் ஓட்டவே கூடாது, நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். மட்டம் மிகவும் ஏறிப்போனால் இன்ஜின் தன் சொந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து, ஸ்டாப் இழுத்தாலும் நிற்காமல் வேகம் எடுத்துவிடும். அப்படி ஒருவேளை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போகும் வாயை ஒரு தட்டையான பலகையால் அடைக்க வேண்டும், கையால் அல்ல.

இன்னொரு எச்சரிக்கையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலின் தெளிப்பை விரலால் சோதிக்காதீர்கள். அந்த டீசல் 120 பாரிலிருந்து 200 பாருக்கும் மேலான அழுத்தத்தில் வருகிறது, தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, ஆனால் உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். அப்படி நேர்ந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிரச்சினையை இரண்டாக வெட்டும் ஒரு சோதனை

டீசல் பக்கம்தான் சந்தேகம் என்று ஆகிவிட்டால், ஒவ்வொரு ஜாயின்ட்டாக இறுக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் ஒரு கேனைத் தொங்கவிடுங்கள். சுத்தமான ஐந்து லிட்டர் கேன், அதில் புது டீசல், அடியில் ஒரு ஹோஸ். இன்ஜினைவிட ஒரு மீட்டர் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அந்த ஹோஸை ஃபீட் பம்பைத் தாண்டி ஃபில்டரின் உள்வாயில் நேராக மாட்டுங்கள். ரிட்டர்ன் பைப்பை அடைக்க வேண்டாம், அது பாட்டுக்கு டேங்குக்கோ இன்னொரு கேனுக்கோ போகட்டும். ஏர் எடுத்துவிட்டு (பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றுவது, எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்) ஸ்டார்ட் செய்து, லோடு கொடுக்காமல் அரை மணி நேரம் ஓட விடுங்கள்.

நிற்காமல் ஓடினால் ஃபில்டர், பம்பு, நாசில் மூன்றையும் மறந்துவிடலாம். கோளாறு டேங்க், டேங்கிலிருந்து வரும் பைப், ஃபீட் பம்பு, இவற்றில்தான். கேனிலும் அதே மாதிரி நின்றால் ஃபில்டரிலிருந்து அந்தப் பக்கம். ஓட விடும் நேரம் போக இருபது நிமிட வேலை, பாதி இன்ஜினைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடுகிறது. இதைச் செய்யாமல் பம்பைக் கழற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அறிகுறி: காலையில் டக்கென்று ஸ்டார்ட் ஆகி அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது, அப்புறம் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் வருகிறது

ராத்திரி முழுக்க நின்றதில் பைப்பில் இருந்த டீசல் டேங்குக்குத் திரும்ப இறங்கிவிட்டது. பம்பிலும் ஃபில்டரிலும் மிச்சம் இருந்ததில் அரை நிமிடம் ஓடியது, அது தீர்ந்ததும் காற்று வந்தது, நின்றது. ஸ்ட்ராவை மேலே விரலால் மூடியிருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் இறங்காது, விரலை எடுத்தால் இறங்கிவிடும். அந்த விரலை எடுத்த இடம் எங்கே என்றுதான் தேடப்போகிறோம்.

இந்தக் கசிவு பெரும்பாலும் ஈரமாகத் தெரியாது. இதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிற விஷயம். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே இருக்கும் பைப்பில் உறிஞ்சல்தான் நடக்கிறது, எனவே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். காய்ந்து சுத்தமாக இருக்கிற ஜாயின்ட் நல்ல ஜாயின்ட் என்று நம்பிவிடாதீர்கள்.

ஃபில்டருக்கும் இன்ஜெக்ஷன் பம்புக்கும் நடுவே ஒரு முழம் கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸை மாட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆன முதல் நிமிடம் குமிழ் வரும், அது நீங்கள் ஹோஸ் மாட்டியபோது புகுந்த காற்று. அதற்குப் பிறகும் ஊசி முனை அளவில் குமிழ்கள் வரிசையாக ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒவ்வொரு ஜாயின்ட்டின் மேலும் கெட்டியான கிரீஸை அப்பிக்கொண்டே வாருங்கள், எதில் அப்பியதும் குமிழ் நிற்கிறதோ அதுதான். அல்லது இன்ஜினை நிறுத்திவிட்டு, டேங்க் மூடியின் வழியாக சைக்கிள் பம்பால் மெதுவாக, மிக மெதுவாக, கொஞ்சம் காற்று கொடுங்கள். இப்போது உறிஞ்சும் பக்கம் தள்ளும் பக்கமாகிவிடுகிறது, காற்று போகிற ஓட்டையில் டீசல் வியர்த்து வெளியே வரும். கம்ப்ரஸரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், டேங்க் உப்பிவிடும்.

நான் வரிசையாகப் பார்க்கிற இடங்கள் இவை. பைப்பை மாட்டும், உள்ளே டீசல் ஓடத் துளையுள்ள பஞ்சோ போல்ட்டில், பைப் முனையின் இரண்டு பக்கமும் இருக்கும் காப்பர் வாஷர்கள். ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் ரிங், இதில் அடிக்கடி நடக்கிற தப்பு என்னவென்றால், பழைய ரிங் மேலே பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கவனிக்காமல் அதன் மேலேயே புது ரிங்கை வைத்து இறுக்கிவிடுவார்கள், சரியாக உட்காராது. நாசில்களின் ரிட்டர்ன் ஹோஸ், அந்தச் சின்ன ஹோஸ்கள் சூட்டில் வெடித்திருக்கும். ஃபீட் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்து கேஸ்கெட். அப்புறம் ஹோஸ் க்ளிப்கள்.

காப்பர் வாஷரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருமுறை இறுக்கிய வாஷர் கெட்டித்துப் போயிருக்கும், திரும்ப அதையே போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் அடைக்காது. புதிது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பழையதைக் கம்பியில் கோத்து நெருப்பில் காட்டி, மங்கின சிவப்பு நிறம் வந்ததும் தண்ணீரில் போடுங்கள். இரும்பு மாதிரி செம்பு இதில் கெட்டியாகாது, மெத்தென்று ஆகிவிடும். மேலே படிந்த கருப்பை மெல்லிய உப்புத்தாளால் தட்டையான இடத்தில் வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு மாட்டினால் புதிது மாதிரியே உட்காரும்.

ரப்பர் விஷயத்தில் இன்னொன்று. சல்ஃபர் குறைத்த டீசல் வந்தபோது பழைய சீல்கள் சுருங்கிக் கசிந்த கதை பல நாடுகளில் நடந்தது. பயோ டீசல் கலந்தால் பழைய இயற்கை ரப்பர் ஹோஸ்கள் ஊறி நைந்துவிடும். எனவே இன்ஜினுக்கு வயதான அளவுக்கே ஹோஸுக்கும் வயதாகியிருந்தால் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம், மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: பத்து இருபது நிமிடம் நன்றாக ஓடி, தளர்ந்து நிற்கிறது, கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது

டேங்க் மூடியைத் திறங்கள். நின்ற உடனே திறக்க வேண்டும், அது முக்கியம். "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வந்தால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்துக்கொண்டிருக்கிறது. டீசல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும், வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி ஃபீட் பம்பு எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டினால் நிற்காமல் ஓடும், அதுவே உறுதி. துளையைக் குத்திச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது.

சத்தம் வரவில்லையா? அப்படியென்றால் டேங்குக்குள்ளேயே ஏதோ மிதக்கிறது. என்னிடம் இருந்த ஒரு நாலு சிலிண்டர் இன்ஜின் இப்படித்தான் சரியாகக் கால் மணி நேரம் ஓடி நிற்கும், பத்து நிமிடம் கழித்து ஓடும். ஃபில்டர் இரண்டு முறை மாற்றினேன், ஃபீட் பம்பு கிட் போட்டேன். கேன் தொங்கவிட்டு ஓட்டினால் நிற்கவே இல்லை, எனவே டேங்க்தான் என்று தெரிந்துவிட்டது, ஆனால் டேங்கில் ஒன்றும் இல்லை, அடியில் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். கடைசியில் டேங்கைக் கால்வாசி வரைக்கும் வடித்துவிட்டு, பைப்பைக் கழற்றி டீசலைத் தானாக ஓட விட்டு, டார்ச் அடித்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆயில் கேனின் வாயை மூடியிருக்குமே அந்த மெல்லிய தாள், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு, மீன் செதில் மாதிரி பளபளவென்று ஆடி ஆடி வந்து உறிஞ்சும் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொண்டது. ஓட்டம் நூலாகி நின்றது. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே விலகி அடியில் படிந்தது. இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் இல்லை, துண்டு விழுந்துவிடுகிறது, நாம் தேடும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. காய்ந்த இலை, துணி நூல், டேங்கின் உள்பக்கம் அடித்த பெயின்ட் உரிந்த ஏடு, எதுவும் இதே வேலையைச் செய்யும்.

சீக்கிரமாகத் தெரிந்துகொள்ள, இன்ஜின் நின்ற அந்த நிமிடமே ஃபீட் பம்பின் உள்வாய் ஹோஸைக் கழற்றி டேங்க் பக்கமாக ஊதிப் பாருங்கள். அடைத்துக்கொண்டு திடீரென்று "பளக்" என்று விட்டுக்கொடுத்துக் குமிழ் விடும் சத்தம் கேட்டால் அடைப்பு டேங்கில்தான். ஊதியதும் இன்ஜின் ஓடும், ஆனால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், நீங்கள் அதை வாயிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறீர்கள், இன்னும் உள்ளேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

டேங்க் நிறைய இருந்தால் ஓடுகிறது, பாதிக்குக் கீழே போனால் நிற்கிறது என்பது இதன் தம்பி. உறிஞ்சும் குழாய் நடுவில் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது, டீசல் மட்டம் விரிசலுக்குக் கீழே இறங்கியதும் காற்றை இழுக்கிறது.

ஹோஸின் உள் அடுக்கு உரிந்து தொங்குவதும் உண்டு. வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே ஒரு நாக்கு மாதிரி உரிந்து, டீசல் வேகமாகப் போகும்போது மடிந்து வழியை மூடிவிடும். பழைய ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஃபீட் பம்பையும் இங்கேயே பார்த்துவிடலாம். வெளிவாய் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடியுங்கள், ஒவ்வொரு அடிக்கும் பீறிட்டு வர வேண்டும், வழிந்துகொண்டிருந்தால் போதாது. கையால் அடிக்கும் லிவர் தொளதொளவென்று பிடிப்பே இல்லாமல் இருந்தால் பம்பு போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். கேம் உச்சியில் நின்றிருந்தால் லிவருக்கு வேலையே இருக்காது. இன்ஜினை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப அடித்துப் பாருங்கள்.

அறிகுறி: ஐடிலில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் ஒரு இறக்கத்தில் நின்றுவிடுகிறது

இதில் பாதிக்கு மேல் காற்றுதான், எனவே மேலே சொன்ன கண்ணாடி ஹோஸ் சோதனை முதலில். குமிழே இல்லை, ஃபில்டர் புதிது, கேனிலும் அப்படியே ஏறி இறங்குகிறது என்றால் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் பக்கம் வாருங்கள். ஆக்ஸிலரேட்டர் லிங்க் தேய்ந்து ஆடுகிறதா, இன்லைன் பம்பாக (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக வரிசையில் அழுத்தும் வகை) இருந்தால், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்ற கம்பி ஒட்டிக்கொள்கிறதா. பல மாதம் ஓடாமல் நின்ற இன்ஜினில் ரேக் பிசின் பிடித்த மாதிரி இறுகியிருக்கும். பம்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, டீசல் ஊற்றி ஊறவிட்டு, விரலால் முன்னும் பின்னும் தள்ளி வழுக்கும்படி ஆக்கினாலே பல இன்ஜின்கள் பிழைத்துவிடும்.

ரூசா மாஸ்டர், ஸ்டானடைன் வகை ரோட்டரி பம்பு (ஒரே ரோட்டர் சுழன்று எல்லாச் சிலிண்டருக்கும் டீசலைப் பிரித்துத் தரும் வகை) உங்களுடையது என்றால் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். பழைய பம்புகளில் கவர்னர் எடைகளோடு ஒரு நெகிழும் வளையம் இருக்கும், அது வயதானால் பொடிந்து கருப்புத் துணுக்குகளாகி, ரிட்டர்ன் வாயில் இருக்கும் சின்ன வால்வில் போய் அடைக்கும். பம்பின் உடலுக்குள் அழுத்தம் ஏறி இன்ஜின் நின்றுபோகும். ரிட்டர்ன் ஃபிட்டிங்கைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டுங்கள். காபித்தூள் மாதிரி கருப்பு விழுந்தால், இந்த ஒரு இடத்தில் பம்பைக் கழற்றியே ஆக வேண்டும். ஃபிட்டிங்கை மட்டும் துடைத்து மாட்டினால் கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் திரும்ப அடைக்கும்.

ஐடில் ரொம்பக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் சத்தம் குறையட்டும் என்று யாராவது திருகி வைத்திருப்பார்கள்.

அறிகுறி: சட்டென்று, ஸ்விட்சை அணைத்த மாதிரி நிற்கிறது

பல பம்புகளில் ஒரு ஸ்டாப் சோலினாய்டு இருக்கும். கரண்ட் இருந்தால் டீசல் வழி திறக்கும், போனால் மூடும். எனவே எங்காவது ஒரு லூஸ் கனெக்ஷன், அதிர்வில் ஒரு கண நேரம் விட்டாலும் இன்ஜின் நின்றுவிடும், நாம் போய்ப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃப்யூஸ் வைத்த ஒரு வயரை நேராகச் சோலினாய்டுக்குக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள், நிற்க வேண்டும் என்றால் அந்த வயரைப் பிடுங்க வேண்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு. நாள் முழுக்க ஓடினால் சாவி ஸ்விட்ச், ஃப்யூஸ் பிடிப்பு, வயர் முனை, எர்த் இவற்றில் கோளாறு. ஜெனரேட்டர் என்றால் ஆயில் பிரஷர், சூடு இரண்டுக்கும் தானாக நிறுத்தும் சுவிட்ச் இருக்கலாம். அதை எடுத்துவிட்டு ஓட்டும் ஆசை வரும். அதற்கு முன்னால் ஒரு பிரஷர் மீட்டரை மாட்டிப் பாருங்கள், சுவிட்ச் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.

சிலவற்றில் சோலினாய்டு எதிர்ப்பக்கமாக வேலை செய்யும், கரண்ட் கொடுத்தால்தான் நிறுத்தும். எந்த வகை என்று பார்த்துக்கொண்டு தொடுங்கள்.

ஸ்டாப் கேபிள் மட்டும் உள்ள இன்ஜினில், கேபிள் உறைக்குள் துருப்பிடித்து லிவர் முழுக்கத் திரும்பி வராமல் பாதியில் நிற்கும், அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு நின்றுபோகும். கேபிளைக் கழற்றிவிட்டு லிவரை ஓட்டும் பக்கம் ஸ்பிரிங் போட்டு இழுத்துக் கட்டி ஓட்டினால் தெரிந்துவிடும். நிறுத்த வேண்டும்போது லிவரைக் கையாலேயே தள்ளலாம்.

அறிகுறி: சூடானதும் நிற்கிறது, முழுக்க ஆறினால்தான் திரும்ப ஸ்டார்ட் ஆகும்

இங்கேதான் பம்பு நியாயமாகச் சந்தேகத்துக்கு வருகிறது. இன்ஜெக்ஷன் பம்பில் டீசலை அழுத்தும் பிளஞ்சருக்கும் அது ஓடும் குழலான பேரலுக்கும் இடையே இருக்கும் இடைவெளி 2 முதல் 4 மைக்ரான், நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். அந்த நுண்ணிய இடைவெளி தேய்ந்து அகன்றுவிட்டால், டீசல் குளிர்ச்சியாகக் கெட்டியாக இருக்கும்போது சமாளிக்கும், சூடாகி நீர்த்ததும் உள்ளுக்குள்ளேயே கசிந்து, நாசிலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் வராது. இதைச் சோதிக்க, நின்ற இன்ஜினில் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி ஒரு பத்து நிமிடம் குளிரவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் இன்னும் கொதிக்கிறது, பம்பு மட்டும் ஆறியிருக்கிறது, உடனே பிடித்துக்கொண்டால் பம்பு தேய்ந்திருக்கிறது. ஓடுகிற பம்பின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், வெளிப்பக்கம் சுருங்கி உள்ளே ரோட்டர் பிடித்துக்கொள்ளும்.

ஈரத்துணிக்கு மசியவில்லையா? டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி மிகவும் குறைந்திருந்தால், சூட்டில் வால்வு நீண்டு முழுக்க மூடாமல் நிற்கும், கம்ப்ரஷன் ஓடிவிடும், இன்ஜின் தளர்ந்து நிற்கும், ஆறினால் வால்வு திரும்ப மூடிக்கொள்ளும். அளவு உங்கள் இன்ஜின் புத்தகத்தில் இருக்கும், பெரும்பாலும் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள். சூட்டிலா ஆறிய பிறகா எப்போது வைக்கச் சொல்லியிருக்கிறது என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: லோடு கொடுத்ததும் கரும்புகை தள்ளித் திணறி நிற்கிறது

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுத் தூசி இல்லாத இடத்தில் ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். புகை குறைந்தால் அதுதான். ஆயிலில் தூசியைப் பிடிக்கும் ஆயில் பாத் ஃபில்டரில் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே திணறல் வரும். ஏர் ஹோஸ் மெத்தென்று ஆகி, வேகம் எடுக்கும்போது உள்ளே சப்பிக்கொள்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். சைலன்சரைத் தளர்த்தியதும் சக்தி வந்துவிட்டால் உள்ளே கரி அடைத்திருக்கிறது, அல்லது தடுப்புத் தகடு கழன்று குறுக்கே விழுந்திருக்கிறது. நெடுநாள் நின்ற இன்ஜினில் பூச்சிக் கூடும் எலிக் கூடும்கூட இருக்கும்.

டீசலிலேயே கோளாறு

ஃபில்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். அடியில் தனியாக முத்து மாதிரி உருண்டால் தண்ணீர். கருப்பாக, வழுவழுவென்று, சளி மாதிரி வந்தால் நுண்ணுயிர், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில்தான் அது வளரும், எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் இரண்டு நாளில் அடைக்கும். டேங்கை முழுக்க வடித்துக் கழுவி, அதற்கென்று விற்கும் மருந்தைப் போட்டால்தான் தீரும். கடும் குளிர் உள்ள இடங்களில் டீசலில் இருக்கும் மெழுகு உறைந்து ஃபில்டரை மூடும். ஃபில்டரைத் தொட்டால் ஐஸ், கிண்ணத்தில் டீசல் மோர் மாதிரி கலங்கியிருக்கும். வெந்நீர்த் துணியால் ஃபில்டரைச் சூடாக்கினால் ஓடும், ஆனால் குளிர்கால டீசலுக்கு மாறித்தான் ஆக வேண்டும்.

எதைத் திறந்தாலும் கடைசியில் ஏர் எடுக்க வேண்டும்

டேங்கிலிருந்து இன்ஜினை நோக்கி ஒவ்வொரு கட்டமாகப் போங்கள். டேங்க் நிறைய டீசல், கேட் வால்வு திறந்திருக்க வேண்டும். முதல் ஃபில்டரின் மேல் திருகை இரண்டு சுற்று தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரை, அப்புறம் துப்பித் துப்பி வரும், அப்புறம் குமிழே இல்லாமல் கண்ணாடி மாதிரி வழியும், வழிந்துகொண்டிருக்கும்போதே இறுக்குங்கள், நிறுத்திவிட்டு இறுக்கினால் ஒரு மிடறு காற்று திரும்ப உள்ளே போகும். அடுத்த ஃபில்டர் இருந்தால் அதிலும் அப்படியே. பிறகு இன்ஜெக்ஷன் பம்பின் திருகு. சில ரோட்டரி பம்புகளில் இரண்டு இருக்கும், கீழே உள்ளதை முதலில் எடுத்துவிட்டு மேலே உள்ளதுக்கு வாருங்கள். கடைசியாக நாசில் பக்க நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, முகத்தையும் கையையும் தள்ளி வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு பதினைந்து நொடிக்கு மேல் வேண்டாம், மோட்டார் ஆறட்டும். நட்டில் டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்குங்கள்.

ஓட ஆரம்பித்ததும் பத்து நிமிடத்தில் வேலையை முடிக்காதீர்கள். முன்பு எத்தனை நிமிடத்தில் நின்றதோ அதைப்போல மூன்று மடங்கு நேரம், நிஜமான லோடில் ஓட்டுங்கள். பிறகு ஒரு ராத்திரி நிறுத்தி வைத்துக் காலையில் ஸ்டார்ட் செய்து அந்த முதல் ஒரு நிமிடத்தைப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் கண்ணாடி ஹோஸைக் கழற்றிவிட்டு டீசலுக்கென்று செய்த ரப்பர் ஹோஸை மாட்டி, ஏர் எடுத்து, க்ளிப்பை இறுக்குங்கள். அந்த பிளாஸ்டிக் சூட்டில் சில வாரத்தில் கெட்டித்து வெடித்து, நீங்கள் அடைத்த காற்றை அதுவே திரும்ப உள்ளே விடும்.